ஒண்டாச்சி: ஒரு பெயரின் வழி

மதிப்புக்குரிய ஐயா,

கொழும்பின் பழைய குடும்பங்களைப் பற்றி நீங்கள் எழுதிவருவனவற்றைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது வத்தளையில் வசிக்கிறேன். என் அம்மம்மாவின் திருமணத்துக்கு முந்திய குடும்பப்பெயர் ஒண்டாச்சி. அவருடைய ஜெபப்புத்தகத்தின் முதற்பக்கத்தில் அந்தப் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. அது அசல் ஒல்லாந்த (டச்சு) பெயர், நாங்கள் பாதிப் பறங்கியர், அதாவது ஐரோப்பியர் வழிவந்தவர்கள் என்று மாமா சொல்வார். தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு வைத்தியரின் பெயர் அது என்று அம்மாவின் ஒன்றுவிட்ட சகோதரி சொல்வார். மகன் இணையத்தில் தேடியபோது கனடாவில் வாழும் புகழ்பெற்ற நாவலாசிரியரின் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. இந்தப் பெயரின் ஊர் எது? இன்று எத்தனை பேர் இதை வைத்திருக்கிறார்கள்? எங்கள் வழியில் இது அம்மம்மாவோடு முடிந்துவிட்டது என்றுதான் கொள்ள வேண்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

அன்புக்குரிய சகோதரிக்கு,

உங்கள் மாமாவின் கூற்றும் சித்தியின் கூற்றும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் அடிப்படை உண்டு. பெயரின் பிறப்பைப் பற்றிக் கேட்டால் சித்தி சொல்வதே சரி. இன்று அது எழுதப்படும் வடிவத்தைப் பற்றிக் கேட்டால், அந்த வடிவத்தைக் கொடுத்தவர்கள் ஒல்லாந்தர் என்பதில் ஐயமில்லை.

ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது 1656ஆம் ஆண்டு மே மாதம். அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1659இல், ஆளுநர் அட்ரியான் வன் டெர் மெய்டனின் மனைவிக்குச் சிகிச்சை அளிப்பதற்காகத் தஞ்சாவூரிலிருந்து ஒரு தமிழ் வைத்தியர் அழைக்கப்பட்டார் என்றும், அவரே மைக்கேல் யூர்கன் ஒண்டாச்சி என்றும் அந்தக் குடும்பத்தின் மரபு சொல்கிறது. அவர் இங்கேயே தங்கிக் கிறித்தவராகி மணம் முடித்தார். மைக்கேல், யூர்கன் என்பவை திருமுழுக்கில் கிடைத்த பெயர்கள். ஒண்டாச்சி மட்டுமே அவர் தம் ஊரிலிருந்து கொண்டுவந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுதுவினைஞர்கள் அதைத் தங்கள் காதுக்கும் தங்கள் எழுத்து மரபுக்கும் ஏற்ப எழுதினார்கள்.

உங்கள் அம்மம்மாவின் ஜெபப்புத்தகத்தைத் திறந்து அந்த எட்டு எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்: ஓ, என், டி, ஏ, ஏ, டி, ஜே, ஈ (Ondaatje). நடுவில் இரட்டித்து நிற்கும் ஏ, ஒல்லாந்த மொழியில் நம்முடைய ஆகார நெடிலைக் குறிக்கும் முறை. அடுத்து வரும் டியும் ஜேயும் சேர்ந்த இணை, கீழைத்தேயப் பெயர்களில் வரும் சகர ஒலிக்கு அவர்கள் வழக்கமாகக் கையாண்ட எழுத்து. சாவகத்தின் (ஜாவாத் தீவின்) சிலாசாப் என்ற ஊர்ப்பெயரையும் அவர்கள் அதே இணையைக் கொண்டுதான் எழுதினார்கள். இந்தோனேசியாவில் அந்த எழுத்துமுறை 1972இல்தான் மாற்றப்பட்டது. ஆகவே அந்த எட்டு எழுத்துகளையும் ஒல்லாந்த முறைப்படி வாசித்தால் ஒண்டாச்சி என்பதற்கு மிக அருகில் வந்துவிடுகிறோம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒல்லாந்த மொழியில் ஒரு பொருளைச் சிறியது என்றோ அருமையானது என்றோ சுட்டுவதற்குச் சொல்லின் இறுதியில் சேர்க்கும் விகுதியும் இந்தப் பெயரின் இறுதி மூன்று எழுத்துகளால் ஆனது. பெயர் ஒல்லாந்தருடையது என்ற எண்ணம் உங்கள் மாமாவுக்கு மட்டுமன்றிப் பலருக்கும் வேரூன்றியதற்கு இந்தத் தற்செயலான ஒற்றுமை ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வைத்தியரின் வழித்தோன்றல்களில் பலர் போதகர்களானார்கள். அவர்களுள் வில்லெம் யூர்கன் ஒண்டாச்சி நெதர்லாந்தில் இறையியல் கற்று, அம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஹெர்மினா குவின்ட் என்ற பெண்ணை மணந்து, கொழும்புக்குத் திரும்பிவந்து ஊழியம் செய்தவர். கொச்சிக்கடைப் பக்கமிருந்து பார்த்தால் மேட்டின் மேல் தெரியும் வுல்பெண்டால் ஆலயம் அந்தக் காலத்தில்தான் எழுந்தது. அடிக்கல் 1749இல், வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது 1757இல். அந்தப் போதகரின் மகன் பீட்டர் பிலிப் 1758 ஜூன் 18 அன்று கொழும்பில் பிறந்தார். தாயின் குடும்பப்பெயரையும் தந்தையின் குடும்பப்பெயரையும் சேர்த்துக் குவின்ட் ஒண்டாச்சி என்று வரலாறு அவரை அறிகிறது.

நம் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றிருக்க வேண்டிய மனிதர் அவர் என்பது என் உறுதியான எண்ணம். இளம் வயதில் படிப்புக்காக நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டவர், உட்ரெக்ட் நகரில் மாணவராக இருந்தபோதே, பரம்பரை ஆட்சித்தலைவரின் அதிகாரத்தை எதிர்த்த தேசாபிமானிகள் இயக்கத்தின் முன்னணிக்கு வந்தார். நகரக் காவற்படையினரைத் திரட்டி, மக்களால் தெரிவுசெய்யப்பட்ட சபை ஒன்று 1786இல் உட்ரெக்டில் பதவியேற்பதற்கு வழிவகுத்தவர்களில் அவர் முதன்மையானவர். அது பிரெஞ்சுப் புரட்சிக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது. மறு ஆண்டிலேயே பிரசியப் படை உள்ளே நுழைந்து பழைய ஆட்சியை மீட்டுக் கொடுத்தது. அவர் நாட்டைவிட்டு வெளியேறிப் பிரான்சில் வாழ்ந்தார். 1795இல் ஆட்சி மாறிய பின்னரே திரும்பி வர முடிந்தது. வாழ்வின் இறுதியில் அவர் கீழைத்தேயம் வந்தபோது இலங்கை பிரித்தானியர் கைக்கு மாறியிருந்தது. பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) நீதிமன்றப் பதவியில் இருந்தவாறே 1818இல் காலமானார். தஞ்சாவூர் வைத்தியரின் பெயர் ஐரோப்பிய மக்களாட்சி வரலாற்றில் இடம்பெற்றது இவ்வாறுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இந்தப் பெயர் கொழும்பில் பழக்கமானதாகவே இருந்தது. அரச மருத்துவராக இருந்த வில்லியம் சார்ல்ஸ் ஒண்டாச்சி 1840களில் சில காலம் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பொறுப்பையும் ஏற்றிருந்தார். உங்களுக்கு இன்னும் அண்மையான சான்று ஒன்று வேண்டுமென்றால் ஜிந்துப்பிட்டிப் புனித தோமையார் ஆலயத்துக்குச் சென்று பாருங்கள். தமிழ் அங்கிலிக்கன் சபையின் பழம்பெரும் ஆலயமான அங்கே இந்தப் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பறங்கியர் பெயர் என்று பொதுவாக எண்ணப்படும் ஒன்று தமிழ் ஆராதனை நடக்கும் ஆலயத்தில் இருப்பது, இந்தக் குடும்பம் இரு சமூகங்களுக்கும் நடுவில் நீண்டகாலம் வாழ்ந்ததைக் காட்டுகிறது.

இது ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரிய கதையன்று. தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைக்கும் நம் வழக்கத்தில் நிலையான குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லை. பேரனின் பெயரில் பாட்டனாரின் பெயர் மறைந்துவிடும். கம்பனி ஆட்சியில் திருமுழுக்குப் பெற்றுப் பதிவேடுகளில் ஏறிய கொழும்புக் குடும்பங்களில்தான் தமிழ்ப் பெயர்கள் தலைமுறை தலைமுறையாக உறைந்து நின்றன. கொழும்புச் செட்டிமாரின் காசிச்செட்டி, முத்துக்கிருஷ்ணா, கண்டப்பா, பெருமாள் போன்ற பெயர்கள் அப்படி நின்றவை. இலங்கையின் முதல் விவரத்திரட்டை (கசெட்டியரை) 1834இல் வெளியிட்ட கற்பிட்டி சைமன் காசிச்செட்டியையும், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை 1862இல் பதிப்பித்த சட்டத்தரணி முத்துக்கிருஷ்ணாவையும் நாம் குடும்பப்பெயராலேயே அறிகிறோம்.

இனி எண்ணிக்கை. நம் நாட்டுக் குடிசனமதிப்பு இனத்தைக் கேட்கிறது, மதத்தைக் கேட்கிறது. குடும்பப்பெயர்களைத் தொகுத்து வெளியிடுவதில்லை. 2012ஆம் ஆண்டுக் கணக்கின்படி இலங்கைச் செட்டிகள் (கொழும்புச் செட்டிமார் கணக்கில் பெறும் பெயர்) ஏறத்தாழ 5,600 பேர், பறங்கியர் ஏறத்தாழ 38,000 பேர். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களுள் இவை மிகச் சிறிய தொகைகள். அவற்றுள்ளும் ஒண்டாச்சி என்பது சிறுபான்மையினுள் சிறுபான்மை. சுதந்திரத்துக்குப் பின், குறிப்பாகச் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, பறங்கியர் குடும்பங்கள் பெருந்தொகையாக அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்தபோது இந்தப் பெயரும் அவர்களோடு கடல் கடந்தது. இணையத் தேடலில் உங்கள் மகனுக்குக் கொழும்பு முகவரிகளைவிட வெளிநாட்டு முகவரிகளே கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

அவருடைய தேடல் குறைவாகப் பலன் தருவதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தப் பெயரைத் தமிழில் ஒண்டாச்சி என்றும் ஒண்டாட்சி என்றும் ஒண்டாஜி என்றும் ஒந்தாத்யே என்றும் எழுதுகிறார்கள். ஆங்கில எழுத்திலும் குறைந்தது மூன்று வடிவங்கள் பழைய ஏடுகளில் வருகின்றன. ஒரு வடிவத்தை மட்டும் கொடுத்துத் தேடினால் மற்ற வடிவங்களில் பதிவானவர்கள் விடுபட்டுப் போவார்கள். அரிய பெயர்களைப் பற்றி எங்கேனும் ஒரு தொகையைக் கண்டால், எத்தனை எழுத்து வடிவங்களைச் சேர்த்து அது எண்ணப்பட்டது என்று பார்த்த பின்னரே அதை நம்புங்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. குடும்பப்பெயர்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்வியை 1873இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் ஒரு கணிதப் புதிராக வெளியிட்டார். ஹென்றி வாட்சன் என்ற கணிதவியலாளரோடு சேர்ந்து மறு ஆண்டு அதற்கு விடை எழுதினார். அந்த ஆய்வுவழியிலிருந்து இன்று நிறுவப்பட்டுள்ள முடிவு எளிமையானது. பெயரை மகன்கள் மட்டுமே கொண்டுசெல்லும் சமூகத்தில், ஓர் ஆணுக்குப் பிறக்கும் மகன்களின் சராசரி ஒன்றைத் தாண்டாவிட்டால், எந்தப் பெயரும் காலப்போக்கில் மறைந்தே தீரும். சராசரி ஒன்றைத் தாண்டினாலும், தொடக்கத்தில் ஒரே ஒருவரிடமிருந்து கிளம்பிய பெயர் முதல் சில தலைமுறைகளிலேயே மறைந்துவிடும் வாய்ப்பு மிகப் பெரிது. மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பங்களை எடுத்தால் எட்டில் ஒன்றில் மூவருமே பெண்களாக இருப்பர். அந்தக் கிளையில் பெயர் நின்றுவிடும். 1659இல் வந்த ஒருவரின் பெயர் மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உயிரோடிருப்பதே அரிய செய்தி.

ஆனால் நின்றுபோவது பெயர்தானே தவிர வழியன்று. ஒரு தலைமுறைக்கு முப்பது ஆண்டு என்று கொண்டால் அந்த வைத்தியருக்கும் இன்று பிறக்கும் ஒரு குழந்தைக்கும் இடையே ஏறத்தாழ பன்னிரண்டு தலைமுறைகள். பன்னிரண்டு தலைமுறைக்கு முன் அந்தக் குழந்தைக்கு 4,096 முன்னோர் இடங்கள் இருந்தன. உறவுக்குள் மணம் முடித்த சிறு சமூகங்களில் ஒரே மனிதர் பல இடங்களில் அமர்ந்திருப்பார். ஆயினும் இடங்கள் 4,096தான். குடும்பப்பெயர் அவற்றுள் ஒரே ஒரு வழியை, தந்தைக்குத் தந்தை என்று போகும் வழியை மட்டுமே சொல்கிறது. ஆகவே இந்தப் பெயரை இன்று தாங்கியிருப்பவர்களைக் காட்டிலும் பெயர் இல்லாத வழித்தோன்றல்கள் பன்மடங்கு அதிகமானவர்கள். அவர்கள் வத்தளையிலும் நீர்கொழும்பிலும், சிங்களம் பேசும் வீடுகளிலும் தமிழ் பேசும் வீடுகளிலும் இருக்கலாம். உங்கள் அம்மம்மா அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது ஏடுகளில் உறுதியானால், உங்கள் மகன் அந்த வைத்தியரின் வழித்தோன்றல் என்பதில், பெயரைத் தாங்கிய எவருக்கும் அவர் ஓர் அணுவும் குறைந்தவரல்லர்.

நம் அரச ஏடுகள் இந்த உண்மைக்கு இடம் கொடுக்கவில்லை. உங்கள் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள்: பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர் என்ன, தந்தை இலங்கையில் பிறந்திராவிட்டால் பூட்டனார் யார் என்று அதில் கேட்கப்பட்டிருக்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் வம்சாவளிக் குடியுரிமையைத் தந்தை வழியில் வைத்ததன் அடையாளம் அது. தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்கும் என்று சட்டம் திருத்தப்பட்டது 2003இல்தான். அம்மம்மாவுக்கென்று அந்தத் தாளில் ஒரு கட்டமும் இல்லை. பெண்களின் வழியைத் தேடுவோர் நம் நாட்டில் படும் சிரமம் இந்தத் தாளிலேயே தொடங்குகிறது, அது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

ஆகவே நீங்கள் ஒரு ஏட்டிலிருந்து அடுத்த ஏட்டுக்குப் பின்னோக்கியே போக வேண்டும். முதலில் அம்மாவின் பிறப்புச் சான்றிதழ்: அதில் தாயின் பெயர் என்ற இடத்தில் அம்மம்மாவின் முழுப்பெயர் இருக்கும். அடுத்து அம்மம்மாவின் திருமணப் பதிவு: அதில் அவருடைய தந்தையின் பெயரும் தொழிலும் கிடைக்கும். அங்கிருந்து அந்தத் தந்தையின் திருமுழுக்கு ஏட்டைத் தேட வேண்டும். சிவில் பதிவு 1867 முதல் ஒழுங்காகக் கிடைப்பதால் அதுவரை பதிவாளர் அலுவலகங்கள் உதவும். அதற்கு முந்தியவற்றுக்கு ஆலய ஏடுகளே கதி. ஒல்லாந்தர் காலத்துப் பாடசாலைத் தோம்புகள் (பதிவேடுகள்) கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. திருமுழுக்கும் திருமணமும் அவற்றில் குடும்பம் குடும்பமாகப் பதியப்பட்டுள்ளன. அவற்றை வாசிக்க ஒல்லாந்த மொழி தெரிந்த ஒருவரின் துணை வேண்டும். தஞ்சாவூர் வைத்தியரிலிருந்து தொடங்கி உங்களை நோக்கி வர முயலாதீர்கள். பெயர் ஒற்றுமையை நம்பி நடுவில் ஒரு தலைமுறையை இட்டு நிரப்பும் ஆசை அந்த வழியில்தான் வரும்.

திருமணப் பதிவின் பிரதி கிடைத்ததும் அதில் கையெழுத்திட்ட சாட்சிகளின் பெயர்களையும், திருமுழுக்கு ஏட்டில் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அவர்கள் நெருங்கிய உறவினர்களாக இருப்பார்கள். ஒரே பெயரில் இருவர் வந்து வழி பிரியும் இடத்தில் எந்தப் பக்கம் போவது என்பதை அவர்களே காட்டித் தருவார்கள். அந்தப் பெயர்களை எனக்கு அனுப்பிவைத்தால், அடுத்து எந்த ஆலயத்தின் ஏட்டைப் பார்ப்பது என்று சேர்ந்து யோசிக்கலாம்.

அன்புடன்.