மைக் ஆலிவரும் மாடி வகுப்பும்

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகன் கோடை விடுமுறையில் தோட்டத்துக் கிணற்றில் குதித்தபோது கழுத்தில் அடிபட்டு, தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கிறான். பிளஸ் டூ முடித்துவிட்டான். பி.காம். படிக்க ஆசை. கேட்ட கல்லூரியில், "வகுப்பு மாடியில் நடக்கிறது, நாங்கள் என்ன செய்வது?" என்றார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தன்னம்பிக்கையோடு இரு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிரிட்டனைச் சேர்ந்த மைக் ஆலிவரும் இப்படிக் குதித்து அடிபட்டவர்தான் என்று ஈரோட்டுக் கூட்டத்தில் சொன்னீர்கள். எந்த மனவலிமையால் அவர் பேராசிரியர் ஆனார்? எழுதினால் அவனுக்குப் படித்துக்காட்டுவேன்.

ச., கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள ச.,

ஆலிவருக்கு மனவலிமை இருந்தது. ஆனால் அவர் வாழ்க்கையை அதற்குச் சான்றாகச் சொன்னால் அவரே ஒப்பமாட்டார்.

1962இல், 17 வயதில், விடுமுறைக்குப் போன இடத்தில் நீச்சல் குளத்தில் குதித்துக் கழுத்து முறிந்தது. சிகிச்சைக்குப் பிறகு, இளங்குற்றவாளிகளின் சிறையில் பாடம் சொல்லிக்கொடுத்தார். பிறகு மேற்படிப்பு. முதலில் சேர்ந்த பல்கலைக்கழகத்தில் அவருக்கு வேண்டிய உதவி கிடைக்காமல் சீக்கிரமே வெளியேறினார். அடுத்துச் சேர்ந்த கெண்ட் பல்கலைக்கழகத்தில் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்றார். ஆள் அதே ஆள்தான். மனவலிமையும் அதேதான். இதை உங்கள் மருமகனுக்கு இரண்டு முறை படித்துக்காட்டுங்கள்.

பிற்பாடு கிரீனிச் பல்கலைக்கழகத்தில், பிரிட்டனின் முதல் ஊனவியல் பேராசிரியர் ஆனார். உடற்குறையோடு வாழ்பவர்களைச் சமூகம் எப்படி நடத்துகிறது என்று ஆராயும் துறை அது. 1993இல் ஆற்றிய தொடக்க உரைக்கு அவர் வைத்த தலைப்பு: "நடப்பதில் அப்படி என்ன அற்புதம்?" 2019இல் காலமாகும்வரை அவர் சொல்லிவந்தது ஒன்றுதான்: உடற்குறை வேறு, அந்த உடலோடு வாழ்பவரைச் சமூகம் முடக்கிப்போடுவது வேறு.

பிரிட்டிஷ் அரசின் கணக்கெடுப்பு ஒன்றில், "பொருட்களைப் பிடிக்கவும் திருகவும் சிரமப்படுகிறீர்களே, உங்களுக்கு என்ன கோளாறு?" என்று ஒரு கேள்வி இருந்தது. ஆலிவர் அதைத் திருப்பிப்போட்டார். "சாடி, புட்டி, தகர டப்பாக்களின் அமைப்பில் உள்ள எந்தக் குறை உங்களைச் சிரமப்படுத்துகிறது?"

நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களையும் இப்படிக் கேட்கலாம். பந்தி கீழ்த்தளத்தில் நடக்கும். படி தவிர வேறு வழி இருக்காது. பங்காளிகள் நான்கு பேர் நாற்காலியோடு பையனைத் தூக்குவார்கள், பாசமாகத்தான். இலையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அடுத்த கல்யாணத்துக்கு அவன் வரமாட்டேன் என்பான். "பாவம், மனம் உடைந்துவிட்டான்" என்று பேசுவார்கள். சாய்தளம் இல்லாமல் மண்டபம் கட்டியவரை ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இது பொறுக்கவில்லை.

வலியும் படுக்கைப்புண்ணும் சமூகம் கொடுத்தவை அல்ல. அவற்றுக்கு மருத்துவம் வேண்டும், பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள்.

கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். பொதுக் கட்டடங்களை எல்லோரும் புழங்கும்படி மாற்றவும் அதில் கெடு உண்டு, விதிகள் வந்த நாளிலிருந்து 5 ஆண்டுகள். விதிகள் வந்தது 2017இல். லிஃப்ட் வைக்கப் பணமில்லை என்றால், அந்த ஒரு வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றச் செலவே இல்லை. இதையே எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம்.

விண்ணப்பத்தை அவனே எழுதட்டும், அல்லது அவன் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். உடன் போங்கள். கல்லூரி முதல்வர் உங்களைப் பார்த்துப் பேசினால், அவனிடமே கேட்கச் சொல்லுங்கள்.