அந்த வேகமெல்லாம் எங்கே போகிறது?

கேள்வி: நாலு வருஷ லேப்டாப்பைத் தள்ளிவிட்டு 16 ஜிபி ரேமோடு புதுசு வாங்கினேன். முதல் மாதம் பறந்தது, இப்போது பழையபடி சுற்றிக்கொண்டே இருக்கிறது. கம்ப்யூட்டர் வருஷா வருஷம் வேகமாகிறது என்கிறார்களே, அந்த வேகமெல்லாம் எங்கே சார் போகிறது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: மென்பொருள் சாப்பிட்டுவிடுகிறது, வேறெங்கே! விண்டோஸ் 95 ஓடுவதற்கு 4 எம்பி ரேம் போதும் என்றார்கள் (8 இருந்தால்தான் நிம்மதி என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும்). விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி கேட்கிறது. ஏறக்குறைய ஆயிரம் மடங்கு, ஆனால் நாம் அடிப்பதென்னவோ அதே லீவ் லெட்டர்தான். பாஸ்கல் என்ற புரோகிராம் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதைச் சொல்லிப் புலம்பினார்: வன்பொருள் வேகமாவதைக் காட்டிலும் சீக்கிரமாக மென்பொருள் மந்தமாகிறது என்று.

இன்றைக்குச் சின்ன அரட்டை ஆப் என்று நினைத்துத் திறக்கிறீர்களே, எலக்ட்ரான் என்ற ஆப் செய்யும் கருவியில் செய்ததாக இருந்தால் அதற்குள் ஒரு முழு குரோமியம் பிரவுசரே (கூகுள் குரோமுக்கு அடிப்படையானது) உட்கார்ந்திருக்கும், அப்படி நாலு ஆப் திறந்தால் நாலு பிரவுசர். புரோகிராமரைத் திட்டிப் பயனில்லை. ஒரு தடவை எழுதி விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கொடுத்துவிடலாம், ரேம் செலவு உங்களுடையது.

இன்னொன்று, உங்கள் பிராசசர் பாதி நேரம் கணக்கே போடுவதில்லை, காத்திருக்கிறது. விநாடிக்கு 300 கோடி தடவை துடிக்கும் 3 கிகாஹெர்ட்ஸ் சிப், ரேமிலிருந்து ஒரு தகவல் வருவதற்குள் இருநூறு முந்நூறு துடிப்புகளை வீணடிக்கும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் மூன்று கோடி! சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிக்கு மாற்றியபோது மட்டும் எல்லோரும் வாயைப் பிளந்தது அதனால்தான். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஃபைபர் வழியே போய்வர ஒளிக்கே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும், அதற்கு எந்த லேப்டாப்பும் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைப் பாருங்கள், நீங்கள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருப்பவற்றை நிறுத்துங்கள்.

கேள்வி: குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் இதெல்லாம் தீருமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: தீராது. பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது, மூலக்கூறுகளின் நடத்தையைக் கணிப்பது மாதிரி சில வேலைகளுக்குத்தான் அது. ஃபைல் திறக்க உதவாது.

சாதாரண சிப்பின் வேகமும் இனி பழைய மாதிரி ஏறாது. 1993-இல் 60 மெகாஹெர்ட்ஸில் வந்த இன்டெலின் பென்டியம் பிராசசர், 2004-இல் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது, அறுபது மடங்குக்கு மேல். அப்புறம் சூடு தாங்கவில்லை. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே இன்டெல் கைவிட்டது. அதற்குப் பிறகான இருபது வருடத்தில் கடிகார வேகம் (விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பது) இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஒரு துடிப்பில் செய்யும் வேலை கூடியது, கோர்களும் (ஒரே சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பிராசசர்கள்) கூடின, சரி, ஆனால் வரிசையாகத்தான் செய்தாக வேண்டிய பகுதி எத்தனை கோர் போட்டாலும் குறையாது, 1967-லேயே கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் காட்டிவிட்டார்.

இனி வேலைக்கொரு சிப்தான்: படத்துக்கு ஜிபியு, ஏஐக்கு என்பியு. மெமரியைப் பிராசசருக்குப் பக்கத்திலேயே கொண்டுவருவார்கள், ஆப்பிளின் எம்1 சிப் 2020-இலேயே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அதனால் வீடியோ எடிட்டிங் சட்டென்று முடியும், பேட்டரி நீண்ட நேரம் தாங்கும். அந்த மிச்ச வேகத்தை அடுத்த அப்டேட்டுக்காரர் விட்டுவைப்பாரா என்றால், என் பந்தயம் மாட்டார் என்பதில்தான்.