கேட்டா பிறந்தோம்?

கேள்வி: பிறக்க வேண்டும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. எந்த அம்மா, எந்தத் தோட்டத்து லயம், எந்த மொழி என்பதும் என் தெரிவு இல்லை. என் புத்தி, பயம், கோபம் எல்லாமே அந்தப் பிறப்பிலிருந்தும் வளர்ந்த இடத்திலிருந்தும் வந்தவை. அப்படியிருக்க மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டு என்பது நம்மை நாமே ஏமாற்றுவதுதானே? உயர்தரப் பரீட்சை எனக்குச் சரிவரவில்லை. திரும்ப எழுதுவதா, கொழும்புக்குக் கடை வேலைக்குப் போவதா என்று இரண்டு மாதமாக யோசிக்கிறேன். "நீ என்ன செய்யப்போகிறாய் என்பது எப்போதோ எழுதியாயிற்று" என்கிறான் நண்பன்.
ஒரு வாசகர், பொகவந்தலாவை

ஆசிரியர் பதில்: தம்பி, உங்கள் கேள்வியின் முதல் பாதியோடு எனக்கு எந்த வழக்கும் இல்லை. கேட்டுப் பிறந்தவர் எவருமில்லை. தோட்டத்துத் துரையின் பங்களாவில் பிறந்த பிள்ளையும் கேட்டுப் பிறக்கவில்லை, கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளையும் கேட்டுப் பிறக்கவில்லை. ஆனால் அங்கிருந்து ஒரே எட்டில் "ஆகவே எனக்கென்று விருப்பம் இல்லை" என்ற இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அந்த எட்டை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தெரிவு செய்ய ஓர் ஆள் வேண்டும். பிறப்பதற்கு முன் நீங்கள் என்ற ஆளே இல்லை. இல்லாத ஆளிடம் எதையும் கேட்டிருக்கவும் முடியாது, அவரிடமிருந்து எதையும் பறித்திருக்கவும் முடியாது. பிறந்து, வளர்ந்து, இது வேண்டும் இது வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த பிறகுதான் சுதந்திரம் என்ற பேச்சே தொடங்குகிறது. அதற்கு முந்தியதைக் காட்டி அதற்குப் பிந்தியதை இல்லை என்று சொன்னால் எப்படி?

உங்கள் வாதத்தில் இதைவிட வலுவான பகுதி ஒன்று உண்டு. புத்தியும் பயமும் கோபமும்கூட நானாகத் தேடிக்கொண்டவை இல்லையே என்பது. பிரித்தானிய மெய்யியலாளர் கேலன் ஸ்ட்ரோசன் இதை மிகக் கறாராக வாதாடியிருக்கிறார். நீ செய்வது நீ எப்படிப்பட்டவன் என்பதிலிருந்து வருகிறது. அதற்கு முழுப் பொறுப்பும் உன்னுடையது என்றால், உன்னை இப்படி ஆக்கியதும் நீயாக இருக்க வேண்டும். அப்படி ஆக்கியவனை ஆக்கியது யார்? பின்னால் போகப் போக முடிவே கிடையாது. இந்த வாதத்தில் எனக்கு ஓட்டை தெரியவில்லை. ஆனால் அது இல்லையென்று காட்டுவது எதை? ஒன்றுமில்லாததிலிருந்து தன்னைத் தானே படைத்துக்கொள்ளும் ஆற்றலை. அது எந்த மனிதனுக்கும் இருந்ததில்லை. அதை நம்பி எவரும் வாழவும் இல்லை. நீங்கள் இரண்டு மாதமாகத் தூக்கம் கெட்டு யோசிப்பதற்கு அந்த ஆற்றல் தேவைப்படவும் இல்லை.

நடைமுறையில் நாம் விருப்பம் என்று சொல்வது வேறு. சம்பளத்தன்று பின்னேரம் ஒருவர் டவுனிலிருந்து நடந்து வருகிறார். தவறணைக்குத் திரும்பும் முடக்கில் நிற்கிறார். குடிக்க ஆசை இருக்கிறது. அது அவர் கேட்டு வாங்கியதில்லை, அவருடைய அப்பாவுக்கும் இருந்தது. இந்த ஆசை எனக்கு வராமலே இருந்தால் நல்லது என்ற இன்னோர் ஆசையும் அவருக்குள் இருக்கிறது. சட்டைப் பையில் மகளின் சப்பாத்துக்கு எடுத்து வைத்த காசைக் கையால் அமுக்கிப் பார்க்கிறார். ஆசையைப் பற்றியே இப்படி ஆசைப்பட முடிவதுதான் மனிதனின் அடையாளம் என்று அமெரிக்க மெய்யியலாளர் ஹாரி ஃபிராங்ஃபர்ட் 1971 இல் எழுதினார். நம் ஆள் சில மாதம் முடக்கில் திரும்பிவிடுகிறார், சில மாதம் நேரே வீட்டுக்கு வருகிறார். வீட்டுக்கு வந்த மாதத்தில் அதற்கும் காரணங்கள் உண்டு: மகள், மனைவியின் முகம், போன மாதத்து வெட்கம். காரணம் இருப்பதால் அந்த முடிவு அவருடையது இல்லையென்று ஆகிவிடுமா? காரணத்தைக் கண்டு, அதற்கு மதிப்புக் கொடுத்து நடந்தவர் அவர்தானே. ஒரு காரணமும் இல்லாமல் கால் போன பக்கம் போயிருந்தால்தான் அதை அவருடைய முடிவு என்று சொல்ல எனக்குத் தயக்கம் வரும்.

உங்கள் நண்பர் அடுத்து மூளை ஆராய்ச்சியைக் கொண்டுவருவார்; நாம் நினைக்குமுன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்பார். பெஞ்சமின் லிபெட் 1983 இல் வெளியிட்ட பரிசோதனை அது. மனம் வந்தபோது கையை அசையுங்கள் என்று ஆட்களிடம் சொன்னார்கள். அசைவதற்கு ஏறக்குறைய அரை விநாடிக்கு முன்பே மூளையில் மின் மாற்றம் தொடங்கியிருந்தது. அசைக்கப்போகிறேன் என்ற எண்ணம் வந்ததாக அவர்கள் சொன்னதோ அசைவுக்கு ஐந்தில் ஒரு விநாடி அளவுக்கு முன்புதான். அந்த மின் மாற்றத்தை ஒரு முடிவு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, மூளையில் எப்போதும் ஏறி இறங்கும் சலசலப்பே அப்படித் தோன்றலாம் என்று 2012 இல் ஆரன் ஷூர்கரும் சகாக்களும் எழுதினார்கள். அந்தச் சர்ச்சை ஒரு பக்கம் இருக்கட்டும்.

தேயிலைக் கொழுந்து மலையில் நிரையில் நிற்கும் ஓர் அம்மாவின் விரல்களைப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது, முற்றின இலை எது என்று விரல் தானாகப் பிரித்துக் கிள்ளுகிறது; வாய் பக்கத்து நிரையோடு கதைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கிள்ளலுக்கும் அவர் உட்கார்ந்து முடிவெடுப்பதில்லை. அதனால் அவர் முடிவெடுக்கத் தெரியாதவர் ஆகிவிட மாட்டார். வேலைநிறுத்தம் என்று சொன்ன நாளின் விடியற்காலையில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போவதா வேண்டாமா என்று அடுப்படியில் இருந்து யோசிக்கிறவரும் அவர்தான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினார்கள்; பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அங்கே நின்றவர்கள் கை அசைக்கிற மாதிரி அரை விநாடியில் அந்த முடிவுக்கு வந்தவர்கள் இல்லை.

இனி, எழுதியாயிற்று என்ற பேச்சு. தமிழில் இது புதிய சண்டை இல்லை. உருட்டிவிட்ட நூலுருண்டை நூல் தீரும்வரை ஓடுவதுபோல உயிர்களும் தம் பங்கைத் தீர்த்தே ஓயும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்பது எல்லாம் விதிப்படியே என்ற பழைய ஆசீவகத் துறவிகளின் ஆசான் மக்கலி கோசாலரின் கொள்கை. ஊழைவிட வலியது வேறென்ன இருக்கிறது என்று வள்ளுவரே ஓரிடத்தில் கேட்கிறார். முயற்சியைப் பாடும் ஆள்வினையுடைமை அதிகாரத்துக்கு வந்ததும், சோராமல் முயல்கிறவர்கள் அந்த ஊழையே புறங்காண்பார்கள் என்கிறார். நான் இந்த இரண்டாவது குறளின் பக்கம் நிற்கிறேன். அதற்கு மலையகத்துக்காரனாக எனக்கு ஒரு காரணம் உண்டு.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் உங்கள் கேள்வியின் நடு முதுகில் வந்து நிற்கிறது. நீ இந்த நாட்டில் பிறந்தாய் என்பது போதாது. உன் அப்பா இங்கே பிறந்தவர் என்று காட்டு, அல்லது அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது அந்தச் சட்டம். தான் தெரிவு செய்யாத பிறப்புக்கு மட்டுமில்லை, தாத்தாவும் பூட்டனும் தெரிவு செய்யாத பிறப்புக்கும் சேர்த்து, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த நம் சனம் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. பலரிடம் அந்தத் தாள் இல்லை. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. லயத்து வாசலில் உட்கார்ந்து இதை "நம்ம தலையெழுத்து" என்று சொன்ன கிழவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அந்த வலியைத் தாங்க அவர்களுக்கு அந்தச் சொல் வேண்டியிருந்தது. ஆனால் உண்மை அதுவல்ல, தம்பி. பாராளுமன்றத்தில் இருந்த மனிதர்கள் வாக்களித்து அதைச் செய்தார்கள். அதே சபையில் எதிர்த்து வாக்களித்த மனிதர்களும் இருந்தார்கள். விதி என்று சொன்ன உடனே செய்தவர்கள் கணக்கிலிருந்து தப்பிவிடுகிறார்கள். இதனால்தான் உங்கள் நண்பரின் பேச்சில் எனக்குக் கோபம் வருகிறது.

1964 ஐயும் பாருங்கள். அந்த ஒக்டோபரில், நாடற்று நின்ற நம்மவர்களைப் பங்குபோட இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. நம் சனத்திடம் கேட்டுப் போட்ட எண்கள் இல்லை அவை. பிறகு விண்ணப்பம் போடச் சொன்னபோது என்ன நடந்தது? இந்தியாவுக்கு ஒதுக்கிய தொகை நிரம்பவில்லை. இலங்கைக்கு ஒதுக்கிய இடத்தைவிட மிகக் கூடுதலானோர் இலங்கையைக் கேட்டார்கள். ஒரே காம்பராவில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி இன்னொரு நாட்டுக்கும் எழுதிய குடும்பங்கள் உண்டு. ஒரே பிறப்பு, ஒரே வறுமை, ஒரே கூரை, முடிவு இரண்டு. இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னார்க் கோச்சியில் ஏறியவர்களும் சரி, ஸ்டேசனில் நின்று அழுதவர்களும் சரி, பயத்தையும் உறவையும் மண்ணையும் நிறுத்துப் பார்த்துத்தான் அந்தத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். கையில் கொடுத்த வழி இரண்டே இரண்டு, இரண்டும் அநியாயமாகச் சுருக்கிய வழிகள். அதற்குள்ளும் சனம் தன் மனதைச் சொன்னது. 1964 முதல் இங்கேயே வாழ்ந்துவந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் 2003 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது, நாடு கடைசியில் அந்த மனதுக்குத்தான் இறங்கிவந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆகவே சுயவிருப்பம் உண்டா இல்லையா என்று ஒரே போடாகக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது ஆளுக்கு ஆள் கூடக் குறைய இருக்கிறது, பிற மனிதர்களால் அதை அகலமாக்கவும் ஒடுக்கவும் முடியும். விஞ்ஞானப் பிரிவே இல்லாத தோட்டப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்த்து "முயன்றால் டொக்டர் ஆகலாம், நீ முயலவில்லை" என்று சொல்கிறவரும் உங்கள் நண்பர் அளவுக்கே தவறாகப் பேசுகிறார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழகத்தில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடம் அகில இலங்கைத் தரத்துக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. அந்தப் பின்தங்கிய பட்டியலில் உங்கள் மாவட்டமான நுவரெலியா இருக்கிறது. நீங்கள் தெரிவு செய்யாத இடத்தை 1948 இல் குற்றமாக எண்ணினார்கள். இங்கே அதையே உங்களுக்குச் சலுகையாக எண்ணுகிறார்கள். இது கொஞ்சம்தான். அதற்காக விட்டுவிடாதீர்கள். மூன்று முறைவரை எழுத இடமிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் விதியைப் பற்றி இவ்வளவு இருக்கிறது, காசைப் பற்றி ஒரு வரி இல்லை. இன்னும் ஒரு வருடம் வீட்டில் இருந்தால் என்ன செலவு, அதை யார் தாங்குவது, அடகுக் கடையில் என்ன இருக்கிறது என்று அம்மாவோடு உட்கார்ந்து கேட்டீர்களா? எந்தப் பாடத்தில் எவ்வளவு தவறியது என்று படிப்பித்த ஆசிரியரிடம் காட்டினீர்களா? கொழும்புக் கடையில் ஏற்கெனவே வேலைசெய்யும் ஊர்ப் பையன் ஒருவனிடம், கதவடைத்த பிறகு புத்தகம் திறக்க முடிகிறதா என்று விசாரித்தீர்களா? இந்த மூன்றையும் செய்துவிட்டு முடிவெடுங்கள். எந்தப் பக்கம் என்று எனக்கும் எழுதுங்கள். கொழும்பு என்று எழுதினாலும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டேன்.