ஈயச் சொம்பு இருக்கட்டும், முதலில் கதவைத் தேய்ப்பதை நிறுத்துங்கள்

கேள்வி: டாக்டர், வணக்கம். என் பையனுக்கு இரண்டரை வயது. சரியாகச் சாப்பிடுவதில்லை, மலச்சிக்கல் இருக்கிறது, போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.4. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த ஈயச் சொம்பில்தான் தினமும் ரசம் வைக்கிறோம். அதில் காரீயம் கலந்திருக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்துப் பயந்துபோய், ஆன்லைனில் பஞ்சுக் குச்சி மாதிரி ஒரு டெஸ்ட் கிட் வாங்கித் தேய்த்துப் பார்த்தேன். சொம்பில் நிறம் மாறவில்லை, ஆனால் பித்தளைக் குத்துவிளக்கில் தேய்த்ததும் சிவந்துவிட்டது! வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் டெஸ்ட் செய்ய வேண்டுமா? உடம்பில் சேர்ந்த உலோகத்தை வெளியேற்றும் பவுடர் என்று ஒன்று விற்கிறார்கள், அதைக் கொடுக்கலாமா? மாமனாரின் பழைய வீட்டில் இருக்கிறோம், கதவு ஜன்னலெல்லாம் தேய்த்து பெயின்ட் அடிக்கிற வேலை நடப்பதால் வீடே தலைகீழாகக் கிடக்கிறது. கேள்வியில் ஏதாவது விட்டுப்போயிருந்தால் மன்னிக்கவும். (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: நீங்கள் எதையும் விட்டுவிடவில்லை அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது சொம்பும் இல்லை, குத்துவிளக்கும் இல்லை. போகிற போக்கில் சொன்னீர்களே, கதவு ஜன்னலைத் தேய்க்கிறார்கள் என்று, அதுதான்.

பழைய எண்ணெய் பெயின்ட்டில், அதுவும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை நிறங்களில், காரீயம், அதாவது லெட் என்கிற விஷ உலோகம், ஏராளமாக இருந்திருக்கிறது. நிறத்துக்காகவும் சேர்ப்பார்கள், சீக்கிரம் காய்வதற்காகவும் சேர்ப்பார்கள். வீட்டு பெயின்ட்டில் காரீயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்ட்டில் இது ஆயிரக்கணக்கான பிபிஎம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிற வரை அதனால் பெரிய தொந்தரவு கிடையாது, ஆனால் உப்புத்தாள் போட்டு வறண்டபடியே தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகித் தரையில், பாயில், பொம்மையில், பையனின் விரலில் படிகிறது, இரண்டரை வயசுப் பிள்ளையின் விரல் நாள் முழுக்க எங்கே இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் சேர்கிறது என்றால், சின்னப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட பாதி சேர்ந்துவிடும். இரும்புச் சத்து குறைவாக இருந்தால் இன்னும் கூடும்.

அதனால் இன்றைக்கே தேய்க்கிற வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள், டாக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள். வேலை முடிந்து வீடு சுத்தமாகும் வரை பையனை உங்கள் அம்மா வீட்டிலோ வேறு எங்கேயோ வைத்திருப்பது நல்லது. துடைப்பத்தால் பெருக்காதீர்கள், தூள் பறந்து மறுபடி படியும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தரை, ஜன்னல் திண்டு, அலமாரி எல்லாவற்றையும் இரண்டு மூன்று முறை துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். மிச்சமிருக்கிற கதவைத் தேய்த்தே ஆக வேண்டுமென்றால் தண்ணீர் விட்டு ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் வீட்டில் குழந்தை இருக்கக் கூடாது. தேய்க்கிறவரும் முகக்கவசம் போடட்டும், அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள், அழுக்குச் சட்டையோடு போய்த் தூக்கிக் கொஞ்சினால் அங்கேயும் இதே கதைதான்.

அடுத்து டெஸ்ட். எல்லாவற்றையும் டெஸ்ட் செய்ய வேண்டுமா என்று கேட்டீர்கள். முதலில் செய்ய வேண்டியது பையனுக்கு. ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் பரிசோதனை பெரிய லேப்களில் கிடைக்கிறது. விரல் நுனியில் குத்தி எடுப்பதைவிட கையில் ரத்தக் குழாயில் ஊசி போட்டு எடுப்பதே மேல், ஏனென்றால் விரலில் இருக்கிற தூசியே அளவை ஏற்றிக் காட்டிவிடும். முடியை வெட்டி அனுப்பினால் எல்லா உலோகமும் சொல்கிறோம் என்கிற டெஸ்ட்டில் பணத்தை விடாதீர்கள். ரிசல்ட் மைக்ரோகிராம்/டெசிலிட்டர் கணக்கில் வரும். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று எந்த எண்ணும் கிடையாது. ஆனால் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021-லிருந்து 3.5-ஐத் தொட்டால் கவனிக்கச் சொல்கிறது, உலக சுகாதார நிறுவனம் 5-ஐத் தொட்டால் எங்கிருந்து வருகிறது என்று தேடி அடைக்கச் சொல்கிறது. மருந்து கொடுத்து வெளியேற்றுவதெல்லாம் 45-ஐத் தொட்டால்தான். 5-ஓ அதற்கு மேலோ வந்தால் நல்ல அம்மாவாக இல்லையோ என்று அழ வேண்டாம். யுனிசெஃப் 2020-ல் வெளியிட்ட கணக்குப்படி உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு அந்த நிலைமைதான், அதில் நம் நாட்டுப் பிள்ளைகள்தான் அதிகம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பசியின்மை, மலச்சிக்கல், ரத்தசோகை மூன்றும் காரீயத்தால் வரலாம்தான், ஆனால் இந்த வயதில் இவை மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் கேட்கும் கேள்வி, ஒரு நாளைக்கு எவ்வளவு பால் குடிக்கிறான்? அரை லிட்டரைத் தாண்டினால் வயிறு பாலிலேயே நிறைந்துவிடும், சோறு இறங்காது, இரும்புச் சத்து குறையும், மலம் இறுகும். உங்கள் குழந்தை நல மருத்துவரைப் பார்த்து இரும்புச் சத்து சிரப் தேவையா என்று கேளுங்கள். அது எப்படியும் பார்க்க வேண்டிய விஷயம், கூடவே காரீயம் உடம்பில் சேர்வதையும் குறைக்கும்.

சரி, இப்போது உங்கள் குச்சிக்கு வருவோம். சிவந்த விளக்கால் உங்கள் பையனுக்கு ஆபத்து குறைவு, சிவக்காத சொம்பை நம்ப முடியாது! பித்தளையைக் கடைவதற்கு எளிதாக இருக்க ஒன்றிரண்டு சதவீதம் காரீயம் சேர்ப்பது உலக வழக்கம், அதைத்தான் உங்கள் கிட் பிடித்திருக்கிறது. குத்துவிளக்கில் யாரும் சமைப்பதில்லை. துலக்கிய பிறகு கையைக் கழுவுங்கள், பையன் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். ஆனால் அதே மாதிரிப் பித்தளைப் பாத்திரத்தில் புளி போட்டுச் சமைப்பதாக இருந்தால் நான் வேறு மாதிரி பேசுவேன்.

இந்தக் கிட்டுகள் 'இருக்கிறது' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம், 'இல்லை' என்று சொன்னால் நம்ப முடியாது. 2007-ல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கடையில் விற்கும் கிட்டுகளை வாங்கிச் சோதித்தபோது, 104 முடிவுகளில் 56-ல் காரீயம் இருந்தும் இல்லை என்று காட்டின. குச்சி படும் இடத்தில் மேற்பரப்பில் இருப்பதை மட்டும்தான் அது பார்க்கும், எவ்வளவு என்று சொல்லாது, காட்மியம் பாதரசம் பற்றியெல்லாம் அதற்கு ஒன்றும் தெரியாது.

ஈயச் சொம்பு வெள்ளீயத்தில், அதாவது டின் என்கிற வேறு உலோகத்தில், செய்ய வேண்டியது. சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் ரசம் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, அந்த ருசிக்கு நானும் அடிமைதான். சிக்கல் என்னவென்றால் காரீயம் விலை குறைவு, வெள்ளீயத்தோடு நன்றாக உருகிக் கலக்கும், பழைய சொம்பை உருக்கிப் புதிது வார்க்கும்போது பற்றவைக்கிற ஈயமெல்லாம் சேர்ந்துவிட வாய்ப்புண்டு. புளியும் தக்காளியும் காரீயத்தைக் கரைத்து இழுக்கும், சூடாக அதிலேயே வைத்திருந்தால் இன்னும் அதிகம். சுத்தமான வெள்ளீயம் என்றால் வளைத்தால் கிறீச்சென்று சத்தம் வரும், காகிதத்தில் தேய்த்தால் கோடு விழாது என்று கடைக்காரர் செய்து காட்டுவதெல்லாம் முழுக்க காரீயத்தில் செய்த சொம்பைப் பிடிக்க உதவலாம், ஐந்து பத்து சதவீதக் கலப்பைப் பிடிக்காது. எடை போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான்: வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, பத்து சதவீதம் காரீயம் கலந்தால் 7.5 சொச்சம், சமையலறைத் தராசில் எங்கே தெரியப்போகிறது?

சரியான வழி இரண்டு. எக்ஸ்.ஆர்.எஃப் என்ற கருவியால் சொம்பைச் சேதப்படுத்தாமல் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று பார்க்கலாம், உலோகங்களைச் சோதிக்கும் லேப்களில் இது இருக்கும். நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்கிற மெஷினும் இதே தத்துவம்தான், ஆனால் அது தங்கத்துக்காக அளவு திருத்தியது, அதில் வரும் காரீய எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். இதைவிட எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி. உங்களுக்குத் தெரிய வேண்டியது சொம்பில் என்ன இருக்கிறது என்பதைவிட ரசத்தில் என்ன இறங்குகிறது என்பதுதானே? ஒரே ரசத்தை பாதி சொம்பிலும் பாதி எவர்சில்வர் பாத்திரத்திலும் வைத்து, வழக்கமாக வைத்திருக்கிற நேரம் வைத்திருந்து, தனித்தனிச் சுத்தமான பாட்டிலில் என்ஏபிஎல் (லேப்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற உணவு லேப்புக்குக் கொடுத்து, துளி உலோகத்தையும் அளந்துவிடும் ஐசிபி-எம்எஸ் முறையில் காரீயம் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சொம்பு ரசத்தில் மட்டும் கூடினால் குற்றவாளி அகப்பட்டது. இரண்டிலும் இருந்தால் தண்ணீரையோ மஞ்சள்தூளையோ சந்தேகப்படுங்கள். முடிவு வரும் வரை எவர்சில்வரிலேயே ரசம் வையுங்கள், ருசி கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

மஞ்சள்தூளைச் சும்மா சொல்லவில்லை. பளிச்சென்று தெரிய லெட் குரோமேட் என்ற காரீயச் சாயம் பூசிய மஞ்சள் தெற்காசியா முழுக்கப் பிடிபட்டிருக்கிறது, பாட்னாவில் எடுத்த மாதிரியில் 2000 பிபிஎம்-க்கு மேல் இருந்தது, நம் சட்ட வரம்பு 10. வங்கதேசத்தில் 2019-ல் கறாராகச் சோதனை போட்டு இரண்டே வருடத்தில் சந்தையிலிருந்தே துடைத்துவிட்டார்கள். கிழங்காக வாங்கி அரைத்தால் மட்டும் தப்பித்துவிட முடியாது, பூச்சே கிழங்கில்தான். உணவுப் பொருள் மீது சந்தேகம் இருந்தால் 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, வாங்கிய யாரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துப் பரிசோதிக்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அந்த ஆய்வகம் இருக்கிறது.

பாத்திரத்தில் இன்னும் ஒன்று, பழைய அலுமினியச் சாமான், என்ஜின் பாகம் எல்லாம் உருக்கி வார்த்த கனமான அலுமினியம் அல்லது இண்டாலியம் கடாய். இந்த வகைப் பாத்திரங்களிலிருந்து காரீயம் இறங்குகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2025-ல் எச்சரித்தது. பிராண்ட் தெரியாத பழைய கடாய் இருந்தால் டெஸ்ட் செலவுக்குப் புதிதாக ஒரு எவர்சில்வர் கடாயே வாங்கிவிடலாம். எவர்சில்வர் தட்டு, டம்ளர், மண்சட்டியில் பூச்சு இல்லாதது, இவற்றையெல்லாம் தேய்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். அப்புறம் பையனின் கண்ணுக்குக் கடையில் வாங்கிய சுர்மா போடுகிறீர்களா? சில சுர்மா காரீயக் கல்லைப் பொடித்தே செய்கிறார்கள். வீட்டில் விளக்குக் கரியில் செய்த மை அப்படியல்ல, ஆனாலும் குழந்தையின் கண்ணுக்குள் எதுவும் வேண்டாம். குங்குமத்திலும் காரீயம் கண்டிருக்கிறார்கள், அவன் தொட்டு விரலை வாயில் வைக்காத அளவுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். வீட்டில் யாராவது பேட்டரிக் கடை, ரேடியேட்டர் வேலை, பற்றவைக்கிற வேலை பார்த்தால் வாசலிலேயே சட்டையை மாற்றிக் குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கட்டும்.

நீங்கள் சிவப்பழகு கிரீம் எதுவும் பூசினால் அதை எழுதுங்கள். லேபிள் சரியில்லாத சில கிரீம்களில் பாதரசம் இருந்து, கேரளத்தில் மலப்புரம் பக்கம் சிறுநீரகம் கெட்டு வந்தவர்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பூசிய கையோடு குழந்தையைத் தூக்கினால் அவனுக்கும் போகும்.

கடைசியாக அந்தப் பவுடர். கொடுக்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. இணையத்தில் விற்ற ஆயுர்வேத மருந்துகளில் ஐந்தில் ஒன்றில் காரீயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்ததாக 2008-ல் ஒரு ஆய்வு வந்தது, விஷத்தை எடுக்க வாங்கிய பொடியே விஷமாக இருக்கலாம். உண்மையான வெளியேற்றும் மருந்தைக்கூட ரத்தத்தில் காரீயம் 20-லிருந்து 44 வரை இருந்த 780 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், ரத்தத்தில் அளவு இறங்கியது, படிப்பிலும் அறிவிலும் முன்னேற்றம் இல்லை. பாதையை அடைத்தால் ரத்தத்தில் இருப்பது மெல்ல மெல்லத் தானாக இறங்கும், ஒன்றிலிருந்து மூன்று மாதத்தில் மறுபடி டெஸ்ட் எடுத்துப் பாருங்கள். முதல் ரிசல்ட் வந்ததும் எண்ணை மட்டும் எனக்கு எழுதுங்கள், 45-ஓ அதற்கு மேலோ இருந்தால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.