டார்க் ரெஞ்ச் வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பயணக் காலம் நெருங்குவதாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டார்க் ரெஞ்ச், அதாவது நட்டை அளவோடு இறுக்கும் ஸ்பேனர், பற்றித்தான்.

மைவி கார் வைத்திருக்கிறேன், டயரை நானே கழற்றி மாட்டுவேன். 100 ரிங்கிட்டுக்குள் உருப்படியாக ஏதாவது கிடைக்குமா? (செந்தூல்)

கிடைக்கும். அரை அங்குலச் சதுர முனை, வைத்த அளவு வந்ததும் "டக்" என்கிற கிளிக் வகை, 40-லிருந்து 200 நியூட்டன் மீட்டர் (இறுக்கத்தின் அளவு) வரை போகிற மாதிரி ஒன்று. 80, 100 ரிங்கிட்டுக்கு ஷாப்பியிலும் இருக்கிறது, ஜாலான் பாசார் பக்கத்துக் கடைகளிலும் தேடலாம். நான் கடைக்குப் போகத்தான் சொல்வேன். எண்கள் பெயின்டில் இல்லாமல் ஆழமாகப் பொறித்திருக்கின்றனவா, பூட்டு வளையம் ஆடுகிறதா என்று கையில் பிடித்துப் பார்க்கலாம். உங்கள் காரின் சக்கர நட்டுக்கு 100-ஐ ஒட்டித்தான் வரும், ரெஞ்சின் நடுவில் விழுகிற அளவு, அதுதான் வேண்டும். டிஜிட்டல் வேண்டாம், தேவைப்படும் அன்றைக்குத்தான் பேட்டரி செத்திருக்கும். இன்னொன்று, இதை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள். கழற்ற நீளமான பிரேக்கர் பார் தனியாக வாங்குங்கள், 30, 40 ரிங்கிட்தான்.

அதே ரெஞ்சை இன்ஜின் ஆயில் மாற்றும்போதும், ஸ்பார்க் பிளக்குக்கும் பயன்படுத்தலாமா? (செராஸ்)

கூடாது. 200 வரை போகிற ரெஞ்சின் அடி அளவை நம்பக்கூடாது. உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே பெரும்பாலான கிளிக் ரெஞ்சுகள் உத்தரவாதம் தராது. ஸ்பார்க் பிளக் 20-ஐ ஒட்டி, ஆயிலை வடிக்கும் பிளக் 30-ஐ ஒட்டி என்று போகும். அலுமினிய மரை போய்விட்டால் அந்தச் செலவில் நான்கு ரெஞ்ச் வாங்கலாம். இந்த வேலையும் செய்வதாக இருந்தால், எட்டில் மூன்று (3/8) அங்குல முனையில் 10-லிருந்து 60 வரை போகிற சின்னது ஒன்று கூடவே வாங்கிவிடுங்கள்.

என் காருக்கு எவ்வளவு டார்க் வைக்க வேண்டும்? உடனே பதில் தேவை. (ஊர் இல்லை)

எந்தக் கார், எந்த வருடம், எந்த நட்டு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து, காரோடு வந்த புத்தகத்தைப் படியுங்கள்.

ரெஞ்சில் இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றன. நான் 100-இல் வைத்தேன், சரிதானே? (பட்டர்வொர்த்)

எந்த வரிசையின் 100? ஒன்று நியூட்டன் மீட்டர், இன்னொன்று அடி பவுண்டு. அடி பவுண்டில் 100 என்றால் கிட்டத்தட்ட 136 நியூட்டன் மீட்டர். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

டயர் கடையில் ஏர் கன்னால் இறுக்கினார்கள். கடைசியில் டார்க் ரெஞ்சை வைத்து ஒவ்வொரு நட்டிலும் "டக்" என்று காட்டினார்கள். அது போதும்தானே? (ஆயர் ஈத்தாம்)

இதை யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன். போதாது, அது சுத்தமான கண்துடைப்பு. கிளிக் ரெஞ்ச் "இவ்வளவாவது வந்துவிட்டது" என்று மட்டும்தான் சொல்லும், "எல்லை தாண்டிவிட்டது" என்று சொல்லாது. கன் ஏற்கெனவே 200-க்கு இறுக்கிய நட்டின்மேல் 100 வைத்து அழுத்தினால், நட்டு இம்மியும் நகராமல் உடனே டக் என்னும். வாடிக்கையாளருக்கும் சந்தோஷம், கடைக்கும் சந்தோஷம், மாட்டிக்கொள்வது ஸ்டட், நட்டு ஏறும் அந்தக் கம்பி.

சில வருடங்களுக்கு முன் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குத் திரும்பும்போது, தாப்பா தாண்டி எனக்கு டயர் பஞ்சர். நல்ல மழை. காரோடு வந்த குட்டி ஸ்பேனர்மேல் ஏறி நின்று, குதித்து, மூன்று நட்டைக் கழற்றிவிட்டேன். நாலாவது ஸ்டட்டோடு முறிந்து கையில் வந்தது. போன வாரம்தான் ஒரு கடையில் டயர் மாற்றியிருந்தேன். அங்கே போய்க் கேட்டால், "அண்ணே, லூசா இருந்தா மட்டும் நல்லதா?" என்கிறார். என்ன சொல்ல!

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் சில சுற்று கையால் ஏற்ற வேண்டும், அப்புறம் நட்டு உட்காரும்வரை கன்னை லேசாகப் பிடிக்கலாம். காரை இறக்கி, சக்கரம் தரையில் பட்டதும் டார்க் ரெஞ்சால் எதிரெதிர் நட்டாக இறுக்க வேண்டும். அந்தக் கடைசி கால் சுற்றில் நட்டு நகர்வதை உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும், நகர்ந்து வந்து கிளிக் ஆனால்தான் கணக்கு. ஃபோர்மேன் முறைத்தாலும் பக்கத்திலேயே நின்று, "கன் போதும், மீதி கையால்" என்று சொல்லுங்கள். முறைத்துவிட்டுச் செய்வார். 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நீங்களே சரிபாருங்கள்.

லோரோங் கூலிட் சந்தையில் பழைய ரெஞ்ச் 25 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? (ஜெலுத்தோங்)

முள் காட்டும் பழைய வகை என்றால் தாராளமாக. முள் சுழியத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். கிளிக் வகை என்றால் வேண்டாம், யார் எதைக் கழற்ற அதைப் பயன்படுத்தினார்களோ.

நட்டுக்குக் கிரீஸ் தடவலாமா? (பத்து கேவ்ஸ்)

தடவாதீர்கள். புத்தகத்தில் இருக்கும் அளவு காய்ந்த மரைக்கு. கிரீஸ் போட்டால் அதே 100-க்கு ஸ்டட் தேவைக்கு மேல் இழுபடும்.

ஒரு வருடமாக 100-லேயே வைத்து மறந்துவிட்டேன். ரெஞ்ச் கெட்டிருக்குமா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

எத்தனை தடவை எழுதிவிட்டேன், வேலை முடிந்ததும் ரெஞ்சில் இருக்கும் மிகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள் என்று! (அதற்கும் கீழே சுற்றவேண்டாம்.) ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் (பட்டறைப் பிடியில்) பிடித்து, ரெஞ்சைப் படுக்கைவாட்டில் நிறுத்தி, கைப்பிடியின் நடுவில் 10 கிலோ அரிசிப் பையைக் கட்டித் தொங்கவிடுங்கள். முனைக்கும் பைக்கும் தூரம் 45 சென்டிமீட்டர் என்றால் சுமார் 44 நியூட்டன் மீட்டர், ரெஞ்சின் சொந்த எடைக்கு ஓரிரண்டு கூடும். ரெஞ்சை 40-இல் வைத்தால் கிளிக் ஆக வேண்டும், 55-இல் வைத்தால் ஆகக்கூடாது. இதில் தவறினால் புதிது வாங்கிவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் போட்டால் அளவு மாறுமா? (பாயான் லெப்பாஸ்)

சாக்கெட்டுக்கும் ரெஞ்சுக்கும் நடுவில் நேராக நிற்கும் எக்ஸ்டென்ஷன் என்றால் மாறாது. கைப்பிடியில் இரும்புக் குழாய் செருகி நீட்டினால் கெடும்.