லூப் ஓடும்போது கூட உட்கார்ந்து வாசிக்கலாமா? கேள்வி பதில்

மெதுவாக மாறும் சூழல் இசையான ஆம்பியன்ட், பதிவு செய்த ஒலித்துண்டை (லூப்) திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப்பிங் ஆகிய கச்சேரிகளுக்குப் போவது பற்றியும் அங்கே சேர்ந்து வாசிப்பது பற்றியும் பலர் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேள்வி: முதல் தடவை ஆம்பியன்ட் கச்சேரிக்குப் போகிறேன். அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காது என்று நண்பன் பயமுறுத்துகிறான். நான் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். மெட்டைத் தேடாதீர்கள். ஏதாவது ஒரு ஒலியைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே மங்குகிறது, எப்போது திரும்பி வருகிறது என்று பின்தொடருங்கள். நீளம் ஒத்துவராத லூப்களைச் சேர்த்து ஓடவிடுவது இந்த இசையில் வழக்கம். 17 நொடி லூப்பும் 19 நொடி லூப்பும் ஒன்றாகத் தொடங்கினால், மறுபடி இரண்டும் ஒரே கணத்தில் தொடங்க 323 நொடி ஆகும். அந்த ஐந்து நிமிடத்துக்கும் மேலான நேரத்தில் அவை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில்தான் சந்திக்கும். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென்று வெளியிட்ட ஆல்பத்தில் குரல்களை இப்படித்தான் டேப் லூப்களாகச் சுழலவிட்டார். பிடி கிடைத்துவிட்டால் அரை மணி நேரம் போதவில்லை என்பீர்கள்.

கேள்வி: நடுவில் தூங்கிவிட்டால் வாசிப்பவருக்கு அவமரியாதையா?

பதில்: இல்லவே இல்லை. தூங்குபவர்களுக்கென்றே விடிய விடிய வாசிக்கும் கச்சேரிகளை அமெரிக்க ஆம்பியன்ட் கலைஞர் ராபர்ட் ரிச் 1982இலேயே தொடங்கிவிட்டார். குறட்டை விடும் பழக்கம் இருந்தால், தட்டி எழுப்பும்படி பக்கத்தில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

கேள்வி: எங்கே உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும்? சத்தம் காதைப் பாதிக்குமா சார்?

பதில்: இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, கொஞ்சம் பின்தள்ளி உட்காருங்கள். மூலையில் கீழ்ச்சுருதி ஒலிகள் தேங்கி மற்றதை மூடிவிடும். ஒரே சுரம் நீண்டு ஒலிக்கும் ட்ரோன் இசையில் திடீர் அடி எதுவும் இல்லாததால், சத்தம் ஏறிக்கொண்டே போனாலும் காது எச்சரிக்காது. வேலையிடங்களுக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் பரிந்துரைக்கும் அளவு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். காதடைப்பானைப் பையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: அண்ணா, நான் புல்லாங்குழல் வாசிக்கிறவன். எனக்குப் பிடித்த லூப்பிங் கலைஞரோடு சேர்ந்து வாசிக்க ஆசை. கச்சேரி நடக்கும்போது போய்க் கேட்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. சில நாள் முன்பே கேளுங்கள், சம்மதித்தால் சவுண்ட் செக்குக்கே போய்விடுங்கள். அங்கே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “என் ஒலி உங்கள் லூப்புக்குள் போகுமா?” மற்ற மேடைகளில் தப்புச் சுரம் வந்த வேகத்தில் போய்விடும். இங்கே அது திரும்பத் திரும்ப வரும். லூப் ஓட்டும் கருவியான லூப்பரில் ஃபீட்பேக், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய ஒலியில் எஞ்சும் அளவு, 80 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சுற்றுக்குப் பிறகுதான் ஒலியின் அளவு பத்தில் ஒரு பங்காகக் குறையும். 8 நொடி லூப் என்றால் 80 நொடி. ஃபீட்பேக் நூறு என்றால் அவர் அழிக்கும்வரை அங்கேயே இருக்கும். அதனால் உங்கள் மைக்கைத் தனிச் சேனலில், லூப்பருக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். அவராக விரும்பும்போது உள்ளே எடுத்துக்கொள்ளட்டும்.

சுருதி அடுத்த கவலை. ஊத ஊதக் குழல் சூடாகிச் சுருதி ஏறும். பதிவான லூப் உங்களுக்காக ஏறாது, இறங்க வேண்டியது நீங்கள்தான். வாசிக்கும் முன்பு குழலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

மேடையில் உட்கார்ந்ததும் இரண்டு மூன்று சுற்று சும்மா கேளுங்கள். லூப்பில் எங்கே இடைவெளி இருக்கிறது என்று தெரியும். அங்கே ஒரே ஒரு நீண்ட சுரத்தை மெல்லத் தொடங்கி மெல்ல முடியுங்கள். பிருகாக்களை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வேகமான சங்கதி லூப்பில் ஏறினால் நாலாவது சுற்றிலேயே சலிக்கும், நீண்ட சுரம் சலிக்காது.

கேள்வி: என்னிடமும் லூப்பர் பெடல் இருக்கிறது. அதையும் கொண்டுபோகட்டுமா?

பதில்: முதல் தடவை வேண்டாம். தாளமுள்ள இரண்டு லூப்கள் இரண்டின் வேகத்தையும் ஒன்றாக வைக்கும் மிடி கிளாக் இணைப்பு இல்லாமல் ஓடினால் மெல்ல மெல்ல விலகிவிடும். ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சுழலவிடுவதே போதும். ராபர்ட் ஃப்ரிப்பும் ஈனோவும் 1973இல் வெளியிட்ட ஆல்பம் அப்படிப் பிறந்ததுதான். ஃப்ரிப் கிதார் வாசித்தார், ஈனோ இரண்டு டேப் ரெக்கார்டர்களைக் கவனித்துக்கொண்டார்.

கேள்வி: செல்போனில் பதிவு செய்யலாமா?

பதில்: கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வைப்ரேஷனையும் அணைத்துவிடுங்கள், மேடை மைக் திறந்திருந்தால் அந்த உறுமலும் லூப்பில் ஏறிவிடும்.

கேள்வி: எப்போது கைதட்டுவது? கூட வாசிப்பவர் எப்போது நிறுத்துவது?

பதில்: கூட வாசிப்பவர் முதலில் நிறுத்த வேண்டும். லூப்பர்காரர் ஃபீட்பேக்கைக் குறைக்கத் தொடங்கியதும் உங்கள் சுரத்தை முடித்து, கருவியை மடியில் வையுங்கள். தேய்ந்து முடிவது அவர் கையில் இருக்கட்டும். அமெரிக்க இசையமைப்பாளர் பாலின் ஒலிவெரோஸ் குழுவினர் 1988இல் நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றில் வாசித்துப் பதிவு செய்தார்கள். அங்கே எதிரொலி அடங்க 45 நொடி ஆகும், அந்த 45 நொடியும் இசையில் சேர்த்திதான். ரசிகர்களும் வாசிப்பவரின் கை பெடலையும் மிக்ஸரையும் விட்டு விலகும்வரை பொறுத்திருந்து தட்டினால் போதும்.