அஞ்சடியில் கார், நடுரோட்டில் அம்மா

கேள்வி: தோட்டம் மூடியபின் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிவந்தோம். பட்டணத்து அஞ்சடி (கடைகளுக்கு முன்னால் உள்ள கூரை போட்ட நடைவழி) முழுக்க மோட்டார், கடைச்சாமான். வாசலை அடைத்துக் கார். அம்மா சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. எதிர்ப்பக்க மருந்துக்கடைக்குப் போக நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன். புகார் கொடுத்தும் பலனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: புகாரை யாரிடம் கொடுத்தீர்கள்? சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சாலை எண் பலகையைப் பாருங்கள். வெறும் எண் இருந்தால் கூட்டரசுச் சாலை. பேராக்கில் எண்ணுக்கு முன் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் மாநிலச் சாலை. உங்கள் பட்டணத்தின் வழியே போவது கூட்டரசுச் சாலை 1. அதில் கடவைக் கோடு (ஆட்கள் சாலையைக் கடக்கும் இடத்தின் கோடு) போடுவதும் விளக்கு வைப்பதும் ஜே.கே.ஆர். எனப்படும் பொதுப்பணித் துறையின் பொறுப்பு, நகராண்மைக் கழகம் நினைத்தாலும் தானாகச் செய்ய முடியாது. தாமான் சாலை, கடைத்தெரு, அஞ்சடி ஆகியவைதான் கழகத்தின் பொறுப்பு. ஆகவே கடிதம் இரண்டு. ஒரே கடிதத்தில் எல்லாவற்றையும் கொட்டினால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டிவிடுவார்கள்.

அஞ்சடி விஷயத்தில் கடைக்காரர், "இது என் இடம், என் கிராண்டில் (நிலப் பட்டாவில்) இருக்கிறது" என்பார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்கு நகரத் திட்டம் வகுத்தபோதே, கடைக்கு முன்னால் கூரை போட்ட வழி விட்டாக வேண்டும், அது பொதுமக்கள் நடக்கத்தான் என்று விதித்தார். நம் ஊர்க் கடைவீடுகளும் அந்த வழக்கத்தில் வந்தவைதான். இன்று 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவு வழியை மறிப்பதைக் குற்றமாக்குகிறது. கடிதத்தில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். தேதி, நேரத்தோடு படமும் இணையுங்கள்.

சாலையைக் கடக்கும் விஷயம் கொஞ்சம் கடினம். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை வண்டி ஓடுகிறது என்று எண்ணித்தான் பொறியாளர்கள் கடவை தேவையா என்று முடிவு செய்வார்கள். என் தொழிலில் எனக்குப் பிடிக்காத கணக்கு இது. பயந்து கடக்காமல் விட்டவர் இதில் வருவதில்லை. உங்கள் அம்மாவே அதில் இல்லை. உங்கள் கார்தான் வண்டிக் கணக்கில் ஏறிவிட்டது! அதனால் பள்ளி விடும் நேரத்திலும் சந்தை நாளிலும் நீங்களே நின்று எண்ணுங்கள். இந்தச் சின்னத் தூரத்துக்குக் காரில் வந்திறங்கும் முதியவர்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். வேகமும் முக்கியம். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் ஆளைப் பார்த்து பிரேக் போட்டு நிற்பதற்குள் ஏறக்குறைய 37 மீட்டர் போய்விடும். 30 கிலோமீட்டர் என்றால் 13 மீட்டர் போதும்.

அப்புறம், மேம்பாலம் மட்டும் கேட்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவர் படி ஏற மாட்டார். கீழே ஓடும் வண்டியும் வேகத்தைக் குறைக்காது. சாலை நடுவே நிற்க ஒரு திட்டு கேளுங்கள். அது இருந்தால் அம்மா ஒரு பக்க வண்டியை மட்டும் பார்த்துக் கடந்து, நடுவில் மூச்சு வாங்கி, பிறகு மறுபக்கம் பார்க்கலாம்.